கந்தாயம் இரட்டிப்பா வந்திருக்கா? முதல்ல கணக்கைக் கேளு!

தங்கச்சி, கந்தாயம், அதாவது சொத்து வரி, பாக்கி என்று மொபைலில் ஒரு மெசேஜ் வந்ததும் ராத்திரி முழுக்க நீ தூங்கவில்லை என்று அம்மா சொன்னாள். உடனே கட்டித் தொலைத்துவிடலாம் என்றும் தோன்றியிருக்கும், இவ்வளவா என்று கோபமும் வந்திருக்கும். இரண்டும் வேண்டாம். பெங்களூரில் சொத்து வரி பாக்கி வைத்தவர்களுக்கு வருகிற தொகை ஒரே எண்ணாக வரும். அந்த ஒரே எண்தான் ஆளை மிரட்டுகிறது. அதை உடைத்துப் பார்த்தால் எது நாம் கட்ட வேண்டியது, எதைக் கேள்வி கேட்கலாம் என்பது தனித்தனியாகத் தெரிந்துவிடும்.

வரி போர்ட்டலில் உன் பி.ஐ.டி. (சொத்து அடையாள) நம்பரையோ விண்ணப்ப எண்ணையோ போட்டு, வருஷ வாரியாகப் பாக்கியை எடு. ஒரு நோட்டுப் புத்தகத்தில் கட்டம் கட்டி எழுது. முதல் கட்டம் அசல் வரி. அடுத்தது அதன் மேல் ஏறும் 24% செஸ். சுகாதாரத்துக்கு 15, நூலகத்துக்கு 6, பிச்சைக்காரர் நிவாரணத்துக்கு 3. மூன்றாவது குப்பைக் கட்டணம். இது 2025 ஏப்ரலிலிருந்து சொத்து வரியோடு சேர்ந்து வருகிறது. 600 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்கு மாதம் 10 ரூபாய், 1,000-க்கு மேல் 2,000 வரை மாதம் 100, 4,000 சதுர அடியைத் தாண்டினால் 400. வருஷக் கணக்கில் மொத்தமாகப் போட்டிருப்பார்கள், அதனால் பெரிதாகத் தெரியும். இது அபராதம் இல்லை. நான்காவது அபராதம், ஐந்தாவது வட்டி. நீ சண்டை போட வேண்டியது கடைசி இரண்டு கட்டத்தோடுதான். ஆனால் பல நேரம் அதன் வேர் முதல் கட்டத்தில் இருக்கும்.

அபராதத்துக்கும் வட்டிக்கும் எந்த வருஷத்தில் என்ன விதி என்பது முக்கியம், ஏனென்றால் விதி மாறிக்கொண்டே வந்திருக்கிறது. முன்பு கர்நாடக மாநகராட்சிகள் சட்டத்தின் கீழ் தாமதத்துக்கு மாதம் 2%, அதாவது வருஷத்துக்கு 24% வட்டி. 2021 ஜனவரியில் பெங்களூருக்கென்று தனியாக பி.பி.எம்.பி. (பெங்களூர் மாநகராட்சி) சட்டம் நடைமுறைக்கு வந்தது. தவறாகக் குறைத்துக் காட்டியிருந்தால் வித்தியாசத்தைப் போல இரண்டு மடங்கு அபராதம். 2024-ல் சட்டம் திருத்தப்பட்டு அந்த இரண்டு மடங்கு ஒரு மடங்கானது. அதே 2024 பிப்ரவரியில் ஒரு முறைத் தீர்வுத் திட்டம் என்று அறிவித்து, அபராதத்தில் பாதியைக் குறைத்து, வட்டியை முழுசாகத் தள்ளுபடி செய்தார்கள். கெடுவை நீட்டி நீட்டி கடைசியில் 2024 நவம்பர் 30-ல் நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு தேங்கிய பாக்கிக்கு, பாக்கியின் அளவே அபராதமும் ஆண்டுக்கு 15% வட்டியும் என்று மாநகராட்சி அறிவித்தது. ஆக, உன் பாக்கி எந்த வருஷத்தது, அந்த வருஷத்துக்கு எந்த விகிதத்தைப் போட்டிருக்கிறார்கள் என்பதுதான் உன் முதல் கேள்வி.

இப்போது பாக்கி ஏன் வந்தது என்று பார். காரணம் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். நிஜமாகவே கட்டவில்லை; கட்டியும் பதிவில் ஏறவில்லை; அல்லது குறைத்துக் கட்டிவிட்டோம் என்று அவர்கள் சொல்கிறார்கள். முதலாவதுக்கு அதிகம் பேச ஒன்றுமில்லை. வட்டி எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது, அசலுக்கு மட்டுமா அபராதத்துக்கும் சேர்த்தா என்று மட்டும் சரிபார்த்துவிட்டுக் கட்டிவிடு. அப்பா இறந்துபோனார், வெளியூர் போயிருந்தோம் என்பதெல்லாம் நியாயம்தான். ஆனால் வட்டிக் கணக்குக்கு அது காதில் விழாது.

இரண்டாவதுதான் நம் வீடுகளில் அதிகம். கே.ஆர்.புரம், பொம்மனஹள்ளி, மகாதேவபுரா, எலகங்கா, தாசரஹள்ளி மாதிரி இடங்களெல்லாம் 2007 வரை தனித்தனி நகரசபைகள். அந்த வருஷம் ஏழு நகரசபை, கெங்கேரி புரசபை, சுற்றிலும் 110 கிராமம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பி.பி.எம்.பி. ஆக்கினார்கள். பழைய காத்தா (மாநகராட்சி சொத்துப் பதிவு) நம்பர் ஒன்று, புதிய பி.ஐ.டி. இன்னொன்று, 2008-ல் சுயமதிப்பீடு மாறியபோது கிடைத்த விண்ணப்ப எண் வேறொன்று என்று ஒரே வீட்டுக்கு மூன்று அடையாளம் இருக்கும். பில்டர் பெயரில் ஒரு பதிவும் உன் பெயரில் ஒரு பதிவும் இருந்தால், நீ ஒன்றில் கட்டிக்கொண்டே இருப்பாய், இன்னொன்று பாக்கி காட்டிக்கொண்டே இருக்கும். அதற்கு வட்டி வேறு ஏறும்.

அலமாரியில் இருக்கும் பச்சை ஃபைலை எடு. ஒவ்வொரு ரசீதிலும் நாலு விஷயம் பார்: விண்ணப்ப எண் பத்து இலக்கமும் ஒன்றாக இருக்கிறதா, எந்த நிதியாண்டு என்று போட்டிருக்கிறது, முழு வருஷமா பாதி வருஷமா, காசோலை என்றால் வங்கிக் கணக்கில் கழிந்ததா. 2012-13-க்குக் கட்டிய பணம் 2013-14 என்று ஏறியிருந்தால் ஒரு வருஷம் இரட்டையாகவும் முந்தைய வருஷம் காலியாகவும் தெரியும். பாதி வருஷம் கட்டிவிட்டு, நவம்பரில் கட்ட வேண்டிய இரண்டாவது தவணையை மறந்த வீடும் நிறைய. காசோலை திரும்பியிருந்தால் கையில் ரசீது இருக்கும், ஆனால் வரி கட்டியதாக ஆகாது. அந்த மாதத்து வங்கிப் பாஸ்புக் பக்கத்தைத் தேடி ஜெராக்ஸ் எடு. பாஸ்புக் பக்கத்தில் கழிந்த தேதியும் தொகையும் இருந்தால் அதைவிட வலுவான சாட்சி வேறில்லை.

மூன்றாவதுதான் தலைவலி. நாம் கட்டியிருப்போம், குறைத்துக் கட்டினாய் என்பார்கள். பெங்களூரில் வரியை நாமே கணக்குப் போட்டு நாமே அறிவிக்கிறோம் என்பதால் இந்தச் சிக்கல் வருகிறது. தெருவின் வழிகாட்டி மதிப்பைப் பொறுத்து ஏ முதல் எஃப் வரை ஆறு மண்டலம். மண்டலத்துக்கு ஒரு சதுர அடி விலை. வீட்டில் நாமே இருந்தால் ஒரு விலை, வாடகைக்கு விட்டிருந்தால் அதைப் போல இரு மடங்கு. கடை என்றால் தனி விலை. கட்டடத்தின் வயதுக்குத் தேய்மானக் கழிவு. இதில் எந்த ஒன்று தப்பாக இருந்தாலும் வித்தியாசம் வரும்; வித்தியாசத்தின் மேல் அபராதம், அதன் பிறகு வட்டி.

மண்டலம் மாறியதால் நடந்த கூத்தை நினைவுபடுத்துகிறேன். 2016-ல் வரி விகிதத்தையும் மண்டலப் பட்டியலையும் மாற்றினார்கள். பல தெருக்கள் ஒரு படி மேலே போயின. நிறையப் பேர் பழைய மண்டலத்திலேயே கணக்குப் போட்டுக் கட்டினார்கள், கணினியும் வாங்கிக்கொண்டது. 2021-ல் சுமார் 78,000 சொத்துக்காரர்களுக்கு நோட்டீஸ் வந்தது: வித்தியாசம், அதன் இரு மடங்கு அபராதம், கூடவே 24% வட்டி. பேச்சுக்கு, ஒரு வருஷ வித்தியாசம் 3,000 ரூபாய் என்று வை. அபராதம் 6,000. ஐந்து வருஷ வட்டி 3,600. மூவாயிரம் பன்னிரண்டாயிரத்து அறுநூறாகி நிற்கும். ஊரே எதிர்த்தது. ஐந்து வருஷம் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தது யார் என்று கேட்டார்கள். கடைசியில் அபராதமும் வட்டியும் நீங்கி, வித்தியாச வரி மட்டும் என்று ஆனது. இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் இதுதான்: வரி வித்தியாசம் தப்பு என்று யாரும் வாதாடி ஜெயிக்கவில்லை. அதன் மேல் ஏற்றியது நியாயமில்லை என்று சொன்னதுதான் எடுபட்டது.

சீமையிலும் இப்படி ஒன்று நடந்தது. லண்டன் டோட்டன்ஹாமில் பால் நிக்கல்சன் என்ற ஓய்வுபெற்ற பாதிரியார் கவுன்சில் வரி கட்ட மறுத்தார். வழக்குச் செலவு என்று 125 பவுண்ட் அவர் தலையில் ஏற்றினார்கள். அவர் கேட்டது ஒரே கேள்வி: 125 என்ற எண் எப்படி வந்தது? கீழ் நீதிமன்றம் அதை விசாரிக்காமலே உத்தரவு போட்டுவிட்டது. 2015-ல் உயர் நீதிமன்றம் அது சட்டப்படி தவறு என்று தீர்ப்புச் சொன்னது. நமக்கும் அந்தக் கேள்விதான் முதல் கேள்வி. "என்னால கட்ட முடியாது" என்று போய் நின்றால் கௌண்டரில் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். "இந்தத் தொகை எப்படி வந்தது, ஒவ்வொரு வருஷத்துக்கும் எழுதிக் கொடுங்க" என்றால் ஃபைலை எடுத்தே ஆக வேண்டும்.

சரி, உன் விஷயத்துக்கு வருவோம். மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறாய், படிவத்தில் முழு வீடும் சொந்த உபயோகம் என்று வருஷா வருஷம் போயிருக்கிறது. அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. பெஸ்காம் மின் இணைப்புத் தகவலை ஒப்பிட்டுத்தான் பிடிக்கிறார்கள். ஒரு வீட்டில் இரண்டு ஆர்.ஆர். நம்பர், அதாவது மின் இணைப்பு எண், இருந்தால் கேள்வி வரும். இதில் மறைக்கப் பார்க்காதே. ஆனால் எத்தனை சதுர அடி, எந்தத் தேதியிலிருந்து என்பதில் விட்டுக்கொடுக்காதே. வாடகைதாரர் 2023 ஜூனில் வந்தார் என்றால், 2018-லிருந்து வாடகை என்று போட்ட கணக்கு நிற்காது. வாடகை ஒப்பந்தம், முன்பணம் வங்கியில் ஏறிய தேதி, அதற்கு முன் மாடியில் சித்தப்பா குடும்பம் இருந்ததற்கு ரேஷன் கார்டு அல்லது கேஸ் ரசீது, இவை போதும். கீழே முன்னறையில் தையல் கடை வைத்திருப்பவர்களுக்கும் இதேதான்: கடை 120 சதுர அடி என்றால் அந்த 120-க்குத்தான் கடை விலை, மொத்த வீட்டுக்கும் இல்லை. டேப் வைத்து அளந்து, தாளில் படம் போட்டு, நீளம் அகலம் எழுதி, போட்டோவோடு இணை. கையால் போட்ட படமாக இருந்தாலும் பரவாயில்லை.

கடிதம் எழுதுவது பெரிய வித்தை இல்லை. உன் பகுதி வருவாய் அலுவலகத்தில் இருக்கும் உதவி வருவாய் அதிகாரிக்கு, அதாவது எல்லோரும் சொல்லும் ஏ.ஆர்.ஓ.-வுக்கு. 2025 செப்டம்பர் 2-லிருந்து பி.பி.எம்.பி. இல்லை, கிரேட்டர் பெங்களூர் ஆணையத்தின் கீழ் மத்திய, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று ஐந்து மாநகராட்சி. உன் வார்டு எதில் வருகிறது என்று பார்த்து அந்தப் பெயரைப் போடு. பழைய பெயரில் வந்த நோட்டீஸ் என்பதால் பாக்கி செல்லாது என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடு. கன்னடத்தில் எழுதினால் வேலை சீக்கிரம் நடக்கும். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்டு எழுது. ஆங்கிலமும் ஓடும். உள்ளே இருக்க வேண்டியது இவ்வளவுதான்:

"விண்ணப்ப எண் இது, பி.ஐ.டி. இது, முகவரி இது. இந்தத் தேதியிட்ட நோட்டீஸில் இத்தனை ரூபாய் கேட்கப்பட்டிருக்கிறது. அதில் இந்த வருஷத்து அசல் வரியை நான் ஒப்புக்கொள்கிறேன். இந்தக் காரணத்தால் இந்த வருஷங்களுக்கான அபராதத்தையும் வட்டியையும் ஆட்சேபிக்கிறேன். ஆதாரம் இணைத்திருக்கிறேன். வருஷ வாரியாக விகிதம், தொடங்கும் தேதி, மாத எண்ணிக்கை சேர்த்துக் கணக்குத் தாள் கொடுங்கள். முடிவை எழுத்தில் தெரிவியுங்கள்."

ஒரு பக்கம் தாண்டாதே. அப்பா கட்டிய வீட்டின் சரித்திரம் வேண்டாம். நோட்டீஸில் பதிலுக்கு எத்தனை நாள் கொடுத்திருக்கிறார்கள் என்று பார். அதற்குள் இது அங்கே போய்ச் சேர வேண்டும். இரண்டு பிரதி எடுத்துப் போ. தபால் பிரிவில் கொடுத்து, உன் பிரதியில் முத்திரை, தேதி, வரவு எண் மூன்றும் வாங்கு. "மேடம், வெச்சிட்டுப் போங்க, பாக்கறோம்" என்றால் நகராதே. முத்திரை தர மாட்டேன் என்றால் தபால் நிலையம் போய் விநியோகச் சான்றோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பு. அந்தச் சான்று வந்ததும் அதே ஃபைலில் வை. கேஸ் ஒர்க்கர் பெயரையும் அன்று அவர் சொன்னதையும் ஒரு வரியில் குறித்துக்கொள். அடுத்த முறை அந்த நாற்காலியில் வேறு ஒருவர் இருப்பார், எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். அப்போது உன் நோட்டுதான் பேசும்.

இன்னொரு விஷயம், இதைப் பலர் கோட்டை விடுகிறார்கள். ஆட்சேபம் எழுதியாயிற்று, முடிவு வரும் வரை ஒரு பைசா கட்ட மாட்டேன் என்று உட்கார்ந்துவிடுவார்கள். நீ ஒப்புக்கொண்ட அசல் வரியையும் நடப்பு வருஷத்து வரியையும் கட்டிவிடு, முக்கியமாக மார்ச் 31-க்குள். ஏப்ரல் 1 ஆனதும் இந்த வருஷத்து வரியும் பழைய பாக்கி ஆகி அபராதத்துக்குள் போய்விடும். போர்ட்டல் மொத்தத்தையும்தான் வாங்குவேன் என்றால், ஆபீஸில் கேட்டுப் பார். அதுவும் முடியாது, வீட்டை விற்க அவசரமாக இ-காத்தா வேண்டும் என்றால், முழுசாகக் கட்டிவிட்டு "ஆட்சேபத்துடன் கட்டுகிறேன், முடிவைப் பொறுத்து அடுத்த வருஷ வரியில் சரிக்கட்ட வேண்டும்" என்று அன்றே ஒரு கடிதம் கொடு. 2024 அக்டோபரிலிருந்து இ-காத்தா இல்லாமல் பெங்களூரில் பத்திரப் பதிவு நடப்பதில்லை. அந்த அவசரத்தில்தான் பல பேர் கேள்வி கேட்காமல் கட்டுகிறார்கள். கட்டுவதில் தப்பில்லை, கடிதம் இல்லாமல் கட்டினால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

கணக்குத் தாள் தராமல் இழுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்தான். கர்நாடகத்தில் ஒரு விண்ணப்பத்துக்கு ஒரு விஷயம், 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும் என்று விதி. கதை எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். "இந்த விண்ணப்ப எண்ணுக்கு இந்த வருஷத்தில் விதித்த அபராதம், வட்டி ஆகியவற்றின் கணக்கீட்டுத் தாள் நகல், மண்டல மாற்றத்துக்கான பதிவேட்டு நகல்" என்று கேள். "ஏன் போட்டீர்கள்" என்று கேட்காதே, அது தகவல் இல்லை என்பார்கள். எந்தத் தாள் வேண்டுமோ அதன் நகலைக் கேட்டால்தான் பதில் வரும்.

புரோக்கர் பற்றி ஒரு வார்த்தை. "மேடம், பாதியில முடிச்சுத் தரேன்" என்று ஆபீஸ் வாசலில் ஒருவர் வருவார். ஒரு முறைத் தீர்வுத் திட்டம் ஓடும்போது அரசே குறைக்கும். அது எல்லோருக்கும் போர்ட்டலில் தானாகவே தெரியும். அது இல்லாத நாளில் யாரும் ரகசியமாகக் குறைக்க முடியாது. குறைத்ததாகக் காட்டி உன் படிவத்தில் சதுர அடியைத்தான் குறைப்பார்கள். மூன்று வருஷம் கழித்து வித்தியாசம், அபராதம், வட்டி என்று மறுபடி உன் வாசலுக்கே வரும். ஓ.டி.பி.-யை யாரிடமும் சொல்லாதே.

முடிவு உனக்கு எதிராக எழுத்தில் வந்தால், அந்தக் காகிதம்தான் மேல்முறையீட்டுக்கான சீட்டு. வாய்மொழியாகச் சொன்னதற்கு மேல்முறையீடு கிடையாது. தொகை சின்னது என்றால் விட்டுவிடு. வக்கீல் ஃபீஸ் அதைவிட அதிகமாகும். லட்சத்தைத் தாண்டினால், அல்லது கணக்கை முடக்குவோம், சீல் வைப்போம் என்று நோட்டீஸ் வந்தால், தாமதிக்காமல் சொத்து வரி வழக்கு நடத்திய வக்கீலைப் பார். அந்த அதிகாரம் அவர்களுக்கு நிஜமாகவே இருக்கிறது.

நம் அத்தை சென்னையில் இருப்பதால் அங்கே எப்படி என்று ஒப்பிடுவாள். அங்கே அரையாண்டுக்கு ஒரு தடவை, மாநகராட்சியே மதிப்பிட்டுச் சொல்கிறது. தாமதத்துக்கு மாதம் 1%. இங்கே நாமே அறிவிக்கிறோம். அதனால் தப்பும் நம் கையெழுத்தில்தான் இருக்கும். அவள் சொல்லும் யோசனை எதையும் இங்கே முயற்சி செய்யாதே.

அடுத்த ஏப்ரலில் கட்டும்போது நான்காம் படிவத்தை எடுக்காதே. அது எந்த மாற்றமும் இல்லாதவர்களுக்கு. மாடி வாடகையில் இருக்கிறது என்பதால் ஐந்தாம் படிவத்தில் மாற்றத்தைக் காட்டு. மண்டலத்தை உன் தெருப் பெயர் போட்டுச் சரிபார். முழு வருஷத்தையும் ஆரம்பத்திலேயே கட்டினால் 5% தள்ளுபடி உண்டு. சனிக்கிழமை நான் வருகிறேன், பச்சை ஃபைலைக் கீழே எடுத்து வை. டேப்பும் நானே கொண்டு வருகிறேன். உன் வீட்டில் இருக்கும் டேப் முதல் பத்து அங்குலம் கிழிந்து போனது.